கல்யாணப் பாட்டு ஓடிப்போன விவரம்

அன்பு மருமகன் பெவினுக்கு, தூத்துக்குடியிலிருந்து மாமா ஜேசுபாதம் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே யாவரும் சுகம். உன் அத்தை பிலோமினாவும் சுகமே. என்னோடு பேசுவதில்லை, அவ்வளவுதான். போனில் சொன்னால் நீ சிரிக்கிறாய் என்பதால் எழுத்தில் தருகிறேன்.

எங்கள் மகள் ஜெனிலா கல்யாணத்தன்று அவள் பீடத்துக்கு நடந்துவரும்போது ஒலிக்கட்டும் என்று அத்தை ஆசையாய்ப் பாடியதை, நீ வாங்கித் தந்த ரெக்கார்டரில் நான்தான் பதிந்தேன். அது குரலை நொடிக்கு 44,100 புள்ளியாக நறுக்கி வைக்குமாம். உன்னோடு படித்த ஸ்டூடியோ ராஜதுரைக்கு 48,000 வேண்டுமாம். அவன் உள்ளே ஒன்றையும் தொடாமல், ஃபைலின் மேலே எழுதியிருந்த எண்ணை மட்டும் 48,000 என்று மாற்றினான். கோவிலில் ஒரு நொடிக்கான புள்ளிகள் நொடி முடியுமுன்னே தீர்ந்துபோய், பாட்டு ஓட்டமெடுத்தது. அத்தை குரல் பள்ளிக்கூடப் பிள்ளை குரலாகிவிட்டது. கீபோர்டுக்காரர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, சுருதி ரெண்டு கட்டைக்கு நடுவுல நிக்கி, எங்கிட்ட அதுக்குக் கட்டை இல்ல"ன்னு கையக் கட்டிட்டு உக்காந்துட்டாரு. ஜெனிலா பாட்டுக்கு ஈடுகொடுத்து நடக்கா, நான் அவ கையப் புடிச்சிக்கிட்டு ஓடுதேன், அப்படியும் பீடத்துக்கு நாலு பெஞ்சு இருக்கையில பாட்டு முடிஞ்சிட்டு. மிச்சத் தூரம் என் புது பூட்ஸ் சத்தத்துலதான் போனோம்.

பிறகு, வீடியோவிலாவது பாட்டு சரியாக இருக்கட்டும் என்று நீ சொன்ன பரிகாரத்தையும் செய்தோம். பழசுல 147 புள்ளிக்குப் புதுசுல 160 வேணும், சரியா வகுபடாது, அதனால ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவுல 159 சைபரப் போட்டு, வடிகட்டி, 147க்கு ஒண்ணா எடுத்துக்கிட்டு மிச்சத்த எறியணும்னு சொன்னியா, ராஜதுரை அத அப்படியே செஞ்சான், அதுவும் பாட்டுக்கு மட்டுமில்ல, கல்யாண வீடியோ முழுசோட சத்தத்துக்கும். லேப்டாப் கொதிச்சு நின்னுட்டு. "ஏலே, எடுக்கப் போறதுக்கு மட்டும் கணக்குப் போடு! எறியப் போறதுக்கு எதுக்குலே கணக்கு? சைபர எதுக்குலே பெருக்குத?"ன்னு நீ போன்ல கத்துத. "எது நிக்கும் எது போவும்னு முன்னாலயே எனக்கு எப்படி அங்கிள் தெரியும்?"னு அவன் என்னப் பாத்து அழுவுதான். எனக்கு மட்டும் தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை சம்மந்தி வீட்டார் வீடியோ பார்க்க வருகிறார்கள். அதற்குள் நீயே உன் முறைப்படி கணக்குப் போட்டு, அத்தை குரலை அத்தைக்குத் திருப்பித் தரவேண்டும். இல்லையேல் நான் பெட்டியோடு மணப்பாட்டில் உன் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன்.

ஆண்டவர் உனக்கு நல்ல வேலையும் அதைவிட நல்ல பெண்ணும் அருள்வாராக.

இப்படிக்கு,
மாமா ஜேசுபாதம்

பி.கு.: கவரை ஒட்டும்போது சம்மந்தியம்மாளிடமிருந்து போன். "கோவில்ல பாடிச்சே ஒரு இளம்பொண்ணு, யாரு அது? எங்க ரெண்டாமத்தவனுக்குப் பொண்ணு கேக்கலாம்னு இருக்கோம்"னாவ. அத்தை, "நாந்தான்"னா. அவங்க கடைசி வரைக்கும் நம்பல. அத்தை இப்போது என்னோடு பேசுகிறாள், அந்த ஏறின சுருதியிலேயே. ஆகவே எதையும் திருத்தாதே. 44,100 புள்ளிப் பதிவை நான் அழித்துவிட்டேன். உன்னிடம் நகல் இருந்தால் நீயும் அழி.