டாங்கிள் பத்திரமாக இருக்கிறது

"உனக்குக் கணக்கு வராது" என்று சொன்ன ஆசிரியரை என் தங்கை வென்றாள். பெண்பிள்ளைக்கு எதற்குக் கட்டடப் படிப்பு என்று கேட்ட உறவினர்களை வென்றாள். அதே உறவினர்கள் பிற்பாடு வீடு கட்டும்போது ஓசியில் யோசனை கேட்டு வந்தார்கள். அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டு "இன்ஜினியர் எப்ப வருவாரு?" என்று அவளிடமே கேட்ட மேஸ்திரியை வென்றாள். அவள் வரைந்த வரைபடங்களின் மூலையில் எல்லாம் தன் கையெழுத்தைப் போட்டுக்கொண்ட முதலாளியை விட்டு வெளியே வந்து, ஒரு டயர் கடையின் மாடியில் சொந்தமாக அலுவலகம் திறந்தாள். இத்தனை பேராலும் கவிழ்க்க முடியாதவளை ஒரே வாரத்தில் கவிழ்க்கப் பார்த்த ஓர் இனம் உண்டு. அந்த இனத்தைத்தான் உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போகிறேன். அவர் பெயர் பத்திரப்படுத்துகிறவர்.

இவரைக் கண்டுபிடிப்பது எளிது. இவர் வீட்டு ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை இருக்கும், அந்த உறைக்கு மேல் இன்னோர் உறை இருக்கும். இவருடைய குடை மழையில் நனைந்தது கிடையாது. மிக்சி உடைந்து, விற்று, மறந்தும் போயிருக்கும், ஆனால் அது வந்த அட்டைப்பெட்டி பரண்மேல் புதுப்பெண் மாதிரி உட்கார்ந்திருக்கும். வீட்டுக் கதவின் மாற்றுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருப்பார். கண்ணில் படுகிற பொருள் காணாமல் போகும் என்பது இவருடைய கொள்கை. அதனால் எதையும் கண்ணில் படாத இடத்தில் வைப்பார். தன் கண்ணிலும்.

இவர் எதையாவது தொலைத்திருக்கிறாரா? ஒருபோதும் இல்லை. கேட்டுப் பாருங்கள். "எங்கேயும் போகல, பத்திரமாத்தான் இருக்கு" என்பார். எங்கே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்கிறீர்களா? தினமும் தலைவாரும்போது கண்ணாடியில் பார்க்கிறேன்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். தங்கையின் அலுவலகத்தில் என் வேலை, பொருள்களைப் பார்த்துக்கொள்வது. தூண் எவ்வளவு தடிமன், அதற்குள் எத்தனை கம்பி என்று கணக்குப் போடும் ஒரு சாப்ட்வேரை அவள் கையிருப்பை எல்லாம் வழித்துப் போட்டு வாங்கினாள். அதோடு கட்டைவிரல் அளவுக்கு ஒரு பொருள் வந்தது. டாங்கிள் என்றாள். அதைக் கம்ப்யூட்டரில் செருகினால்தான் சாப்ட்வேர் திறக்குமாம்.

"சாவி மாதிரின்னு வச்சுக்கக்கா," என்றாள். யாரிடம் எந்தச் சொல்லைச் சொல்கிறோம் என்று யோசிக்க வேண்டாமா? சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டுப் போகிற குடும்பமா நாங்கள்?

தினமும் மாலையில் அவள் கிளம்பிப் போனதும் நான் அதைக் கழற்றி எடுத்து வைப்பேன், காலையில் செருகுவேன். முதலில் மேசை இழுப்பறை. இழுப்பறையை யார் வேண்டுமானாலும் இழுக்கலாம் என்பதால் அலமாரி. அலமாரிப் பூட்டு லேசானது என்பதால் வீட்டுக்குக் கொண்டுபோய் பீரோ. திருடன் வந்தால் முதலில் பீரோவைத்தான் திறப்பான் என்பதால் பீரோவும் போயிற்று. கடைசியில், திருடன், போலீஸ், கட்டிய கணவர் யாருக்குமே தோன்றாத ஓர் இடத்தை யோசித்துக் கண்டுபிடித்து, அங்கே வைத்துவிட்டு, மனநிறைவோடு தூங்கினேன். காலையில் எழுந்தபோது அந்த இடம் எனக்கும் தோன்றவில்லை.

அந்த வாரம் போய் இது நடக்க வேண்டுமா? ஒரு பல் டாக்டர், கீழே ஆஸ்பத்திரியும் மேலே வீடுமாகக் கட்டத் தங்கையை நம்பி வேலை கொடுத்திருந்தார். முதல் சொந்த வேலை. வெள்ளிக்கிழமை வரைபடம் கைக்கு வராவிட்டால் பழைய முதலாளியிடமே போய்விடுவதாகச் சொல்லியிருந்தார். அவள் கணக்கெல்லாம் அந்த சாப்ட்வேருக்குள் இருந்தது. அன்று திங்கள்.

பத்திரப்படுத்துகிறவர் தேடும் அழகு தனி. முதலில் தான் வைத்திருக்கக்கூடிய இடங்களில் தேடுவார். பிறகு வைத்திருக்கவே முடியாத இடங்களில். பிறகு, ஏற்கெனவே தேடிய இடங்களுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுப்பார். நடுநடுவே வீட்டில் இருப்பவர்களைச் சந்தேகப்படுவார்.

"நீங்க எடுத்தீங்களா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"நீ வச்சத நான் எடுக்கிறதா? கல்யாணத்துக்கு எடுத்த என் பேண்ட்டையே இன்னும் தேடிட்டிருக்கேன்," என்றார்.

சாப்ட்வேர் விற்ற முகவருக்குப் போன் போட்டோம். நிதானமானவர்.

"உடஞ்சு போச்சுங்களா? பரவாயில்ல, உடஞ்சத அனுப்புங்க, மாத்தித் தந்துடலாம். தொலஞ்சிருந்தாத்தான் சிக்கல். திரும்ப முழுசா வாங்கச் சொல்லுவாங்க."

தங்கை என்னைப் பார்த்தாள். நான் போனை வாங்கினேன். "தொலையலங்க. பத்திரமா இருக்கு."

"அப்போ செருகிக்கலாமே."

"எங்க இருக்குன்னுதான் தெரியல."

முகவர் சிரித்துவிட்டார். பிறகு, "எங்க அம்மாவும் இப்படித்தாங்க," என்றார். அந்த ஒரு வார்த்தையில் விலை பாதியானது. மேலிடத்தில் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். பழைய டாங்கிளை முடக்கிவிட்டுப் புதிது அனுப்புவார்கள். ஆனால் அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளர், தொலைந்துவிட்டது என்று எழுதித் தர வேண்டும்.

எழுதினேன். "மேற்படி பொருள் பத்திரமான இடத்தில் உள்ளது. இடம் நினைவில் இல்லை."

"அக்கா, தொலஞ்சுபோச்சுன்னு எழுது."

"நடக்காதத எப்படி எழுதுறது?"

"சரி, உனக்கு நினைவு தொலஞ்சுபோச்சுன்னு எழுதவா?"

தொலைந்துவிட்டது என்றே எழுதிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே பொய் அதுதான்.

புதன் மாலை புதியது வந்தது. தங்கை அதைத் தானே செருகி, மேலே பிளாஸ்திரி ஒட்டி, அதில் 'அக்கா தொடக் கூடாது' என்று எழுதினாள். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவளிடம் இப்படியா? ஆனால் அவள் கண்கள் சிவந்திருந்ததைப் பார்த்ததும் காபி வாங்கப் போய்விட்டேன். தவறிப்போன மூன்று நாள் வேலையை அவள் அன்றிரவும் மறுநாளும் உட்கார்ந்து விரட்டினாள்.

தேடித் தேடி எனக்கு வியாழனன்று காய்ச்சல் வந்தது. எவ்வளவு என்று பார்க்க மருந்துப் பெட்டியைத் திறந்து, தெர்மாமீட்டர் கூட்டை உருவினேன். உள்ளிருந்து டாங்கிள் விழுந்தது. காய்ச்சல் போன இடம் தெரியவில்லை. தெர்மாமீட்டர் போன இடமும் தெரியவில்லை. அது பத்திரமாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் அலுவலகம் போனேன். ஒரு வரி பொய் எழுதிய பாவம் தீர, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. மேலும், அந்தப் பிளாஸ்திரி கோணலாக இருந்தது. கோணலாக ஒட்டிய ஒன்றைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

தங்கை வந்தாள். பின்னாலேயே பல் டாக்டரும் வந்து வெளி நாற்காலியில் உட்கார்ந்தார். அச்சிட வேண்டியதுதான் பாக்கி. கம்ப்யூட்டரைப் போட்டாள். 'இந்தச் சாவி முடக்கப்பட்டுள்ளது' என்று திரை சொன்னது.

"அக்கா, டாங்கிளத் தொட்டியா?"

"தூசி துடைச்சேன்."

"தூசி மட்டும்தானா?"

"பழசு கிடைச்சிடுச்சு. ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்தேன். உன்னையும் என்னையும் மாதிரி ஒரே அச்சா இருந்துச்சு."

"எது புதுசுன்னு எப்படிக் கண்டுபிடிச்ச?"

"பளிச்சுன்னு இருக்கிறது புதுசு."

"துடைச்சதுக்கு முன்னாடி பாத்தியா, பின்னாடி பாத்தியா?"

பிளாஸ்திரியைப் பிரித்து நேராக ஒட்டுவதற்கு முன், இரண்டையுமே நன்றாகத் துடைத்திருந்தேன்.

"ஏதாவது பிரச்சினையாம்மா?" என்று வெளியிலிருந்து டாக்டர் குரல் கொடுத்தார். "அவருக்கும் போன் போட்டுத்தான் வச்சிருக்கேன், உங்க பழைய முதலாளிக்கு."

"ஒண்ணுமில்ல டாக்டர், அஞ்சு நிமிஷம்." தங்கை என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "இன்னொன்னு எங்கக்கா? பத்திரமா வச்சுட்டியா?"

இந்தக் கேள்விக்கு வாழ்நாள் முழுக்க ஆமாம் என்று பெருமையாகப் பதில் சொல்லி வந்தவள் நான். அன்று தலை குனிந்து, "இல்ல," என்றேன். "முடக்கினதுதானே, ஒண்ணுக்கும் உதவாதேன்னு, அந்த ரப்பர் பேண்டு டப்பாவுல போட்டேன்."

டப்பா மேசைமேல் அவள் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. நான் மதிக்காமல் போட்ட ஒரே பொருள் உடனே கிடைத்தது.

தங்கை அதை எடுத்துச் செருகினாள். பிரிண்டர் ஓடத் தொடங்கிய சத்தத்தில் சிரித்தாள்; சிரிப்பா அழுகையா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. டாக்டர் உள்ளே வந்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். "கையெழுத்து யாருது, உங்களுதுதானே?" என்றார். "என்னோடதுதான்," என்றாள். நான் அவளுக்குப் பேனாவை எடுத்துக் கொடுத்தேன். மூடிக்கு மேல் போட்டிருந்த உறையைக் கழற்றத்தான் கொஞ்சம் நேரமாயிற்று.

இதுவரை படித்துச் சிரித்துவிட்டு, "எங்க வீட்லயும் இப்படி ஒருத்தர் இருக்கார்" என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். இருக்கட்டும். உங்கள் பள்ளிச் சான்றிதழ் இப்போது எங்கே இருக்கிறது? எழுந்து போய்ப் பார்க்காமல் சொல்லுங்கள். பத்திரமாக இருக்கிறதா? வாருங்கள், நம் இனத்தில் கூட்டம் அதிகம். நகர்ந்து இடம் தருகிறோம்.

அந்த வரைபடத்தின் ஒரு பிரதியை நானும் வாங்கி வைத்திருக்கிறேன். எங்கே என்று கேட்காதீர்கள். வலது மூலையில், வழக்கமாக வேறொருவர் பெயர் விழும் கட்டத்தில், என் தங்கை முதன்முதலாகத் தன் பெயரை எழுதி அதன் கீழே போட்ட தேதியைச் சொல்ல எனக்கு அந்தத் தாள் தேவையில்லை: 2017 ஜூன் 9.