டாக்டர் பிரிட்ச்சின் பேரன்

"எங்க தாத்தா டாக்டர் பிரிட்ச் இருந்த வீட்டை ஒரு தடவை பார்க்கணும்மா" என்று தொலைபேசியில் ஒருவர் சொன்னதும் ஆர்டித் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் பிரிட்ச் என்று ஒருவர் இந்த உலகத்தில் இருந்ததே இல்லை. அவரைக் கற்பனையில் பெற்றெடுத்தவளே இந்த ஆர்டித் தான்.

அமெரிக்காவின் நெவாடாவில், வெள்ளிச் சுரங்கம் மூடிய கையோடு சனங்கள் காலி செய்துவிட்டுப் போன ஊர் கால்டர் ஃப்ளாட். கொஞ்சம் வீடுகள், ஒரு மதுக்கடை, மிச்சமெல்லாம் காற்று. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை ஆர்டித்துக்கு. சில வருஷங்களுக்கு முன், யாருடையது என்றே தெரியாத ஒரு வீட்டை இடிக்க அதிகாரிகள் வந்தார்கள். அவளுக்கு மனசு கேட்கவில்லை. காய்ச்சல் பரவிய குளிர்காலத்தில் ஊரையே காப்பாற்றிய டாக்டரின் வீடு அது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். பெயர் கேட்டார்கள். அலமாரியில் கிடந்த தைல டப்பாவில் 'பிரிட்ச்' என்றிருந்தது. வீடு தப்பித்தது. இப்போது சுற்றுலாப் பேருந்தில் வருகிறவர்கள் அந்த வாசலில் நின்றுதான் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

"இல்லாத ஆளுக்குப் பேரன் எங்கேருந்து வந்தான்?" என்றார் மெர்ல். பக்கத்து ஊர்க்காரர். லாரியில் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறவர்.

"அதைத்தான்யா நானும் கேக்கறேன். விஷயம் வெளியே தெரிஞ்சா வீட்டை இடிச்சுடுவாங்க. பாதை ரொம்ப மோசம்னு நீ போன் பண்ணிச் சொல்லு."

மெர்லும் போன் பண்ணி அப்படியே சொல்லிப் பார்த்தார். "அவ்வளவு கஷ்டப்பட்டு வந்துட்டு உடனே திரும்பறதா? நாள் பூரா இருந்துட்டுப் போறோம்" என்றார் பேரன்.

"நல்லா சொன்னே போ! ஒரு மணி நேரத்துல முடிய வேண்டியது" என்று ஆர்டித் தலையில் கைவைத்துக்கொண்டாள். "உள்ளே ஒரு சாமான்கூட இல்லையே. சொந்தக்காரன் கேக்க மாட்டானா?"

"அதை நான் பாத்துக்கறேன்" என்று போன மெர்ல், மாட்டு வைத்தியரிடம் ஒரு பழைய ஸ்டெதஸ்கோப் வாங்கி வந்தார். கூடவே சட்டம் போட்ட ஒரு படம். தாடி வைத்த மனிதர் முறைத்துக்கொண்டிருந்தார்.

"யாருய்யா இது?"

"எங்க பெரியப்பா. குதிரை திருடி ஜெயிலுக்குப் போனவர். ஆனா பாரு, முகத்துல என்ன களை!"

பேரன் வந்தே விட்டார். எண்பதை நெருங்கிய ஹாலிஸ், அந்த வெயிலிலும் கோட்டும் டையுமாக, மகள் ஜோலீனுடன் வந்து இறங்கினார். படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"ஜோலீன், மூக்கைப் பாரும்மா. அப்படியே என் மூக்கு."

மெர்லுக்குப் புரையேறியது.

"தாத்தாவை எங்கே புதைச்சிருக்காங்க?"

யாருக்கும் தெரியாது என்று சொல்ல ஆர்டித் வாயைத் திறப்பதற்குள் மெர்ல் கையை நீட்டிவிட்டார். "அதோ, மேட்டு மேல!"

"அங்கே புதைச்சிருக்கறது சுரங்கத்துல வேலை செஞ்ச கோவேறு கழுதைய்யா" என்று ஆர்டித் அவர் காதோரம் பல்லைக் கடித்தாள்.

"எனக்கு மட்டும் தெரியாதா? வாய் முந்திக்கிச்சு."

ஹாலிஸ் மேட்டில் ஏறி, தொப்பியைக் கழற்றிவிட்டு, அங்கிருந்த கற்குவியலின் முன்னால் புழுதியில் மண்டியிட்டார். "தாத்தா, வர ரொம்ப நாளாயிடுச்சு. கோவிச்சுக்காதீங்க" என்றார். எல்லோரும் தன்னையே பார்ப்பதாகப் பட்டதால் மெர்லும் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

"கடைசி மூச்சு வரைக்கும் ஊருக்காக உழைச்ச ஜீவன்" என்றார். அன்று அங்கே சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான்.

புறப்படும்போது ஹாலிஸ் ஆர்டித்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஆளில்லாத ஊர்ல எங்க தாத்தா பேரை இத்தனை நாள் காப்பாத்தி வச்சிருக்கீங்க. இதுக்கு என்னம்மா கைம்மாறு செய்வேன்?"

அதற்கு மேல் ஆர்டித்தால் தாங்க முடியவில்லை. வீடு போனாலும் போகட்டும். வாசற்படியில் மெர்ல் ஹாலிஸைப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, காரில் பையை வைத்துக்கொண்டிருந்த ஜோலீனிடம் போனாள்.

"தாயி, உன்கிட்ட ஒரு உண்மை சொல்லணும். அந்த டாக்டர் வந்து..."

ஜோலீன் சட்டென்று அவள் கையைப் பிடித்தாள். ஒரு தரம் அப்பாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க கண்டுபிடிச்சுடுவீங்கன்னு தெரியும்மா, அப்பா அனாதை இல்லத்துல வளர்ந்தவர், போன வருஷம் சுற்றுலா பஸ்ல இங்கே வந்து அந்த டாக்டர் கதையைக் கேட்டதுலேருந்து 'இவரே எனக்குத் தாத்தாவா இருக்கட்டும்'னு முடிவு பண்ணிட்டார், உங்களுக்குக் கோடி புண்ணியம், காட்டிக்கொடுத்துடாதீங்க!"