ஆண்டவர் ஏறிய தோணி

"மூணு ஆளும் இம்புட்டு மீனும் ஏறுனா இந்தப் படகு முங்கிரும் உபதேசியாரே!"

சிலுவை தூரிகையைக் கீழே வைத்துவிட்டான். தூத்துக்குடித் தோணிகளுக்குப் பெயர் எழுதிப் பிழைத்த கைக்கு இதுதான் முதல் எண்ணெய் ஓவியம். உலகச் சண்டைக் காலத்தில் சீமைச் சாயத்துக்கு எங்கே போவது? தோணிக்கு அடித்த வர்ணத்தில் மிச்சம், கிழிந்த பாய்த்துணி, இரண்டையும் வைத்து ஒப்பேற்றிக் கொண்டிருந்தான்.

ஊரார் இத்தாலிப் படம் என்று சொல்லும் படம் ஒன்று மாதா கோயிலில் மாட்டியிருந்தது; அதைப் பங்குச் சாமியார் இரவல் கொடுத்திருந்தார். ஆண்டவர் இரண்டு சீடரோடு ஒரு படகில் உட்கார்ந்திருக்க, பக்கத்துப் படகில் மற்றச் சீடர்கள் வலை இழுக்கும் படம். அச்சு அசலாக வரைந்துவிட்டால் கோயில் சுவர் முழுக்க வரையும் வேலை சிலுவைக்கு. இல்லையென்றால் மதுரையிலிருந்து ஆள் வந்துவிடும்.

"ஒன்னைய வரையச் சொன்னாவளா, ஏறிப் போகச் சொன்னாவளா?" என்றார் உபதேசியார் ஜீவமணி.

சிலுவைக்கு மனசு கேட்கவில்லை. படகின் விளிம்பை ஒரு சாண் உயர்த்தினான். ஆண்டவர் கழுத்துவரை மறைந்துபோனார்.

"அதுக்கென்ன, எழுப்பி நிக்க வச்சிருவோம்" என்றான்.

இத்தனூண்டு படகில் ஆள் எழுந்து நின்றால் கவிழாதா? நீளத்தைக் கூட்டினான். பக்கத்துப் படகு துணிக்கு வெளியே போய்விட்டது.

"பாவி, அதுலதாம்ல யாகப்பரும் அருளப்பரும் இருந்தாவ!"

"இதுல எடம் கெடக்கு. ஏத்திக்கிடுவோம்."

இவ்வளவு நீளத் தோணிக்குப் பாய்மரம் இல்லாவிட்டால் துறைமுகத்தில் ஒருவனும் மதிக்கமாட்டான். பாயை விரித்தான். ஆண்டவரே பாய்க்குப் பின்னால் காணாமல் போனார். பதறிப்போய் அவரைத் தோணியின் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினான்.

அந்த நேரம் பார்த்துச் சாமியார் வந்தார்.

"ஆண்டவர் எங்கே சிலுவை?"

"சுக்கான் பிடிச்சு நிக்காரு சாமி. தோணிய நடத்துற தண்டல் அங்கனதான நிக்கணும்."

சாமியாரின் முகம் சிவந்தது. வேலை போயிற்று என்று சிலுவை முடிவு கட்டினான். போனது போகட்டும் என்று வாயைத் திறந்தான்.

"கோவப்படாதிய சாமி. அந்தப் படத்த வரஞ்சவன் செம்மத்துல கடலப் பாத்திருக்க மாட்டான். ஒரு தோணிக்காரங்கிட்டயாவது கேட்டிருக்கலாம்லா?"

சாமியார் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"திங்கட்கிழமை சுவர் வேலையை ஆரம்பி" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

சிலுவைக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ஒரு வார்த்த திட்டலியே உபதேசியாரே!"

"எப்பிடில திட்டுவாரு?" உபதேசியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ரோமாபுரிப் படத்தப் பாத்து இந்தக் கோயில் படத்த வரஞ்சதே அவருதாம்ல. மானாமதுரைக்காரரு, இங்கன மாத்தலாகி வந்த பொறவுதான் கடலையே பாத்தாரு!"