மல்லாபூர் நூற்றுக்கு நூறு

ஆண்டவன் அருளால் ஹைதராபாத்துக்கு ஒளி தருபவை மூன்று: சூரியன், சந்திரன், ‘வட்டாரத் தொழில் நம்பிக்கைக் குறியீடு’. முதல் இரண்டுக்கும் கிரகணம் உண்டு.

மூன்றாவதைக் கணக்கிடும் பாக்கியம், செகந்திராபாத்திலுள்ள ‘தொழில் நம்பிக்கை மைய’த்தின் துணை இயக்குநர் ஜம்புநாதனுக்கு வாய்த்திருந்தது. பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடாமல் அவர் கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். வேலையும் எளிது. பருவத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரே கேள்வி போகும்: வரும் மாதங்களில் தொழிலும் வேலைவாய்ப்பும் நன்றாக இருக்குமா, மோசமாகுமா? பதில் போட்டவர்களில் ‘நன்றாக இருக்கும்’ என்றவர்கள் நூற்றுக்கு எத்தனை பேரோ, அதுவே குறியீடு. பதில் போடாதவர்களுக்கு ‘மௌனிகள்’ என்று பெயர். அவர்கள் கணக்கில் இல்லை. குறியீடு ஐம்பதுக்குக் கீழே இறங்கினால் அந்த வட்டாரப் பட்டறைகளுக்கு அரசாங்கம் வேலை ஒதுக்கும். இறங்காவிட்டால் வாழ்த்துச் செய்தி அனுப்பும்.

ஜம்புநாதனின் மனைவி பட்டுவுக்கு ஒரு தம்பி, நடேசன். அவர் கவனிக்கும் மல்லாபூர் வட்டாரத்தில் லேத் பட்டறை வைத்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, அடையைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். ஆர்டர் நின்றுபோய்விட்டதாம். அரசாங்க வேலை கிடைத்தால்தான் பட்டறை பிழைக்குமாம்.

“எங்க தெருவுல எல்லாரும் ‘மோசம்’னுதானே எழுதினோம், அத்திம்பேர்? அப்புறம் எப்படி குறியீடு ஏறறது?”

ஜம்புநாதன் கருணையோடு சிரித்தார். “எழுதினவாள்லாம் இப்போ எங்கே?”

“பாதிப் பேர் பூட்டிண்டு போயிட்டா.”

“பூட்டினவா பதில் போடமாட்டா. ‘மோசம்’ குறைஞ்சுடும். மிச்சம் இருக்கறவா நம்பிக்கையோட இருக்கா. ஏறாம என்ன பண்ணும்?”

நடேசன் அக்காவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினான்.

அதன்பின் மல்லாபூர் அடைந்த வளர்ச்சியை என்னென்பது! ஒரு பட்டறையில் பூட்டுத் தொங்கினால் குறியீடு ஒரு படி ஏறியது. தெருவே பூட்டிக்கொண்டபோது துள்ளிக் குதித்தது. இயக்குநர் பத்மஜா மேடம் கூட்டம் கூட்டி முந்திரி பக்கோடா வரவழைத்தார். சனத்நகரைக் கவனிக்கும் அதிகாரி பொறாமையில் பக்கோடாவைத் தொடவில்லை. பாவம், அவர் வட்டாரத்தில் பட்டறைகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.

வீட்டில்தான் பாராட்டுக்குப் பஞ்சம்.

“நடேசன் போனை எடுக்கவே மாட்டேங்கறான். ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வாங்கோளேன்” என்றாள் பட்டு.

“பதில் வராதவாளை நாங்க…”

“கணக்குல சேர்க்கமாட்டேள். தெரியும்.”

அன்று ரசத்தில் உப்பில்லை. ஜம்புநாதன் மௌனியாகச் சாப்பிட்டார்.

அடுத்த பருவத்தில் அற்புதம் நிகழ்ந்தது. மல்லாபூரிலிருந்து வந்தது ஒரே ஒரு பதில்: ‘நன்றாக இருக்கும்’. குறியீடு நூறு. பதில் போட்டவருக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, போட்டோவும் எடுத்துவர உத்தரவாயிற்று. ஜம்புநாதன் புறப்படும்போது பட்டு ஒரு ஃபிளாஸ்க்கைக் கொடுத்தாள். “காபி. நடேசன் இருந்தா கொடுங்கோ.”

மல்லாபூரில் மையத்தின் கார் பூட்டுகளுக்கு நடுவே ஊர்ந்தது. போட்டோக்காரர் ஆள் தேடிக் களைத்தபோது, ஒரு பட்டறை வாசலில் நீலச் சட்டையும் விசிலுமாக வாட்ச்மேன் ஒருவன் எழுந்து நின்றான். நடேசன். பின்னால் பூட்டிக் கிடந்தது அவனுடைய பட்டறையேதான்.

பூட்டிய பட்டறைகளுக்குக் காவல் ஆள் அனுப்பும் கம்பெனி ஒன்று வந்திருக்கிறதாம். பூட்டு பெருகப் பெருக ஆள் போதவில்லையாம். லேத் ஓட்டியவர்கள் எல்லோரும் இப்போது அதில்தானாம். பூட்டிய பட்டறைக்கும் கேள்வி வந்தபோது, “ஹவ், ஆமா, நல்லா இருக்கும்னே போடு” என்றாராம் அதன் முதலாளி ராகேஷ். நடேசன் போட்டிருக்கிறான்.

போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். நடேசன் மாலைக்குக் கழுத்தைக் காட்டினான், பொன்னாடைக்குத் தோளைக் காட்டினான். ஃபிளாஸ்க்கைப் பார்த்ததும்தான் நிஜமாகச் சிரித்தான். மூடியில் காபியை ஊற்றி, முதலில் ஜம்புநாதனிடம் நீட்டினான்.

“வெயில்ல வந்திருக்கேள், குடிங்கோ” என்றான். “‘நன்னா இருக்கேன்’னு எழுதினாத்தான் பார்க்க வருவேள்னு எனக்குத் தெரியாமப் போச்சு, அத்திம்பேர்.”