ஆறரைக்கு எழும் கட்டை

தாங்கு கயிறு பட்டென்று அறுந்ததும், பாயின் அடிக்கட்டை நேரே காப்பிக் கெண்டியின் மேல் விழுந்தது. கெண்டிக்கும் பெரியவர் போக் எம்போங்கின் தலைக்கும் ஒரு சாண்தான் தூரம்.

"தலையில விழுந்திருந்தா இன்னிக்கே கதை முடிஞ்சிருக்கும்" என்றார். கேட்க ஆளில்லை. பேச்சும் அவர்தான், பதிலும் அவர்தான்.

மனைவி போய்ச் சேர்ந்தபின் வீட்டைப் பூட்டிவிட்டு, துறைக்கு எதிரே ஆற்றில் நட்ட கம்பத்தில் இந்தச் சின்னப் பாய்ப்படகைக் கட்டி, அதிலேயே குடியிருந்தார். இரவில் கட்டையை இறக்கி வைப்பார். காலை ஆறரைக்குத் தாங்கு கயிற்றை இழுத்து உயர்த்துவார். இல்லாவிட்டால் படகில் நிமிர்ந்து நிற்க முடியாது. பாயைக் கையாளும்போது கட்டையைத் தோளில் தாங்குவது ஒருகாலத்தில் அவள் வேலை.

இன்று மகன் ஹெல்மி ஜொகூரிலிருந்து கூப்பிடுவான். "பதினோராவது மாடியில உங்களுக்குன்னு ஒரு ரூம் இருக்கு. வர்றீங்களா, இல்லியா? ஒரே வார்த்தை சொல்லுங்கப்பா" என்று கெடு வைத்திருந்தான்.

மாட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் இங்கே யாருக்காக இருப்பது? துறையில் ஒரு பூனைகூட அவரை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. போன வியாழன் அசந்து தூங்கி ஏழு மணிக்கு வெளியே வந்தால், சோற்றுக்கடை மோக் யாஹ் இவரை நோக்கித் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தாள். மடியில் வெள்ளைத் துணி மூட்டை. சோறு கொண்டுவருகிறாளாக்கும் என்று அவசரமாகச் சட்டை மாட்டினார். அவளோ இவர் முகத்தைப் பார்த்ததும் படகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். அது இன்னும் வலித்தது.

சரி, முதலில் கட்டை. துடுப்பை முட்டுக்கொடுத்து, வழுக்காமலிருக்கத் தலையணையை இடையில் செருகினார். கட்டை நின்றது. அப்போது பார்த்து ஒரு பயணிகள் படகு அலை கிளப்பிக்கொண்டு போனது. தலையணையும் துடுப்பும் ஆற்றோடு போயின. இனிக் கரைக்குப் போகவும் வழியில்லை.

பாயை ஏற்றும் கயிறு இருக்கிறதே! அதைப் பாயிலிருந்து அவிழ்த்துக் கட்டையின் நுனியில் முடிச்சிட்டு இழுத்தார். நாற்பது வருஷமாகப் போட்ட முடிச்சு. கண்ணை மூடிக்கொண்டு போடுவார். மூடிக்கொண்டே போட்டிருப்பார் போலிருக்கிறது. கட்டை ஏறியது, முடிச்சு நழுவியது, கட்டை விழுந்தது. கயிறு விர்ரென்று பாய்மர உச்சிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

"எறங்கி வா, யாரும் அடிக்க மாட்டாங்க" என்று அண்ணாந்து கெஞ்சினார். அது வரவில்லை.

கடைசியில் தன் தோளையே கொடுத்தார். தாங்குகிறவனால் கயிறு எடுக்க முடியாது, கயிறு எடுக்கிறவனால் தாங்க முடியாது. இரண்டு ஆள் வேலை. மனைவி நினைப்பு வந்து கண் கலங்கியது. கட்டையை அறைக்கூரையின் விளிம்பில் மெதுவாகச் சாய்த்துவிட்டு, பழைய கயிறு தேடி உள்ளே குனிந்து நுழைந்தார். கட்டை சறுக்கிக் கதவை அறைந்து சாத்தி, குறுக்கே படுத்துக்கொண்டது.

தள்ளினார், முட்டினார். கதவு அசையவில்லை. வெளியே, கெண்டிக்குப் பக்கத்தில், போன் அடித்தது.

"வர்றேன்டா ஹெல்மி! வந்துடறேன்! இங்க செத்தா நாறினப்பறந்தான் தெரியும்!" என்று கதவிடம் கத்தினார். போன் அடித்து ஓய்ந்தது.

சற்று நேரத்தில் எதுவோ படகில் இடித்தது.

"தூக்கு, தூக்கு... ஐயோ, என் காலு!"

கதவு திறந்தது. பள்ளிக்கூட வேன் ஓட்டும் டெராமான் கட்டையைத் தோளில் தாங்கி நின்றான். முன்னால் மோக் யாஹ். இடுப்பில் அதே வெள்ளை மூட்டை.

"உசுரோட இருக்கீங்களா?" என்று அதட்டினாள்.

"இருக்கேன் மோக்."

"இருக்கறவரு ஏன் கட்டைய ஏத்தி எறக்கி, ஏத்தி எறக்கி வெளையாடறீங்க? அங்க சோறு வெந்தபாடில்ல, ஊரே பசியோட நிக்குது!"

அவள் சமைக்காததற்கும் தன் கட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று எம்போங்குக்குப் புரியவில்லை. போன் மறுபடி அடித்தது. எடுத்தார்.

"ஒரு நிமிஷம் இரு ஹெல்மி" என்று அதை மார்போடு பொத்திக்கொண்டார். கேட்காமல் போனால் பதினோராவது மாடியிலும் தூக்கம் வராது. "மோக், போன வியாழன் சோத்து மூட்டையோட வந்துட்டு, எம் மூஞ்சியப் பாத்ததும் ஏன் திரும்பிப் போனீங்க?"

மோக் யாஹ் ஆற்றைப் பார்த்தாள். "அடுப்பு பத்த வைக்கணும்ல?"

"சோத்து மூட்டையா?" என்று டெராமான் கட்டைக்கு அடியிலிருந்து சிரித்தான். "தெனமும் ஆறரைக்கு உங்க கட்டை ஏறினாத்தான் இவங்க அடுப்பையே பத்த வைப்பாங்க போக், அன்னிக்கு ஏறல, உங்களப் போத்தறதுக்கு அந்த வெள்ளத் துணியத் தூக்கிட்டு அழுதுக்கிட்டே ஓடியாந்தாங்க!"