முத்தாத விதையும் சணல் கயிறும்

தெரிந்ததையெல்லாம் ஒரே வகுப்பில் கொட்டிவிடும் வெறி, வேலை தேடும் வாத்தியாருக்கு வரக்கூடாத வியாதி. எனக்கு வந்திருந்தது.

அரியலூரில் ஒரு தனியார் பள்ளியில் மாதிரி வகுப்பு எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்குமுன் போன பள்ளியெல்லாம் என்னைத் திருப்பி அனுப்பியிருந்தன. இதையும் விட்டால் மாமாவின் சிமெண்ட் கடைதான். வேலை இல்லாமல் வீடு திரும்புவதில்லை என்று முடிவு செய்தேன்.

பாடம், சூல்காம்பு. விதையைக் காயோடு பிணைத்திருக்கும் குட்டிக் காம்பு. அதன் லத்தீன் பெயருக்குச் ‘சிறு கயிறு’ என்று பொருள். மொச்சைக்காயைப் பிளந்தால் கண்ணாலேயே பார்க்கலாம். முதல் நாளே ஜெயங்கொண்டம் சந்தையில் பை நிறைய வாங்கி வைத்தேன்.

வகுப்பில் பையைத் திறந்தால் காயைக் காணோம். சணலால் சுற்றோ சுற்றென்று சுற்றிய டிபன் டப்பா இருந்தது. உள்ளே பிதுக்கிய மொச்சை. காம்பும் இல்லை, தோலும் இல்லை, காம்பு ஒட்டியிருந்த தழும்புகூட இல்லை. வராந்தாவுக்கு ஓடி அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“புள்ளைங்க உரிச்சுக்கிட்டுக் கெடக்கணுமேன்னு ஊறவச்சு நானே பிதுக்கிட்டேன்டா” என்றார் பெருமையாக.

கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை பேனாவோடு காத்திருந்தார். பின்வாங்குவதா? (எம்.எஸ்சி. முடித்தவன் சார் நான்.) சணலின் ஒரு முனையை இடுப்பிலும் மறுமுனையை ஜன்னல் கம்பியிலும் கட்டினேன்.

“ஜன்னல்தான் காய். நான் விதை. இந்தக் கயிறு வழியாத்தான் எனக்குச் சாப்பாடு வருது. முத்தினா விதை தானா கழண்டுடும், பாருங்க.”

தாவினேன். சட்டை கிழிந்தது, சணல் அறவில்லை. இழுக்க இழுக்க முடிச்சு இறுகியது. அவமானத்தில் அழுகையே வந்தது. ஆனாலும் விடவில்லை. கட்டிப்போட்ட கன்றுக்குட்டியாக நின்றபடியே, காம்பு விழுந்த தழும்புவரை பாடத்தை முடித்தேன். மணி அடித்தும் ஒரு பிள்ளைகூட எழவில்லை.

தலைமையாசிரியை கத்தரிக்கோலோடு வந்தார்.

“என்ன சார், விதை இன்னும் முத்தலையே?”

“இல்லீங்க மேடம்.”

“பரவால்ல, பறிச்சுக்கிறோம். திங்கக்கெழம வந்து சேந்துடுங்க.”

வேலை கிடைத்தது. மானம் அந்த ஜன்னலிலேயே தங்கிவிட்டது. இன்றும் நான் கடைக்குப் போய்க் கொத்தமல்லிக்குப் பதில் புதினா வாங்கி வந்தால், என் மனைவி திரும்பி அம்மாவைப் பார்ப்பாள்.

“நான் என்னம்மா பண்றது” என்பார் அம்மா, மொச்சை பிதுக்கிக்கொண்டே. “முத்துறதுக்குள்ள பறிச்சுட்டாங்க.”