ஆற்றுக்குத் தண்ணீர் வாடகைக்கு எடுத்த தையலக்கா

உருத்திரபுரத்தில் பாம்புக்குப் பயப்படாதவர்கள் உண்டு, யானைக்குப் பயப்படாதவர்களும் உண்டு. தையலக்காவுக்குப் பயப்படாத ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அந்த வருடம் கடும் வறட்சி. சிறுபோகம் என்கிற கோடைப் பயிருக்கு வாரத்தில் ஒரு முறைதான் வாய்க்கால் தண்ணீர். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி அக்கா என் படலையடியில் வந்து நின்றார்.

"தம்பி, உங்கட முறைத் தண்ணியில பாதியை எனக்கு வாடகைக்குத் தாங்கோ. மழை வருமட்டும்."

"உங்களுக்கு வயலே இல்லையே அக்கா?"

"எனக்கில்லை, ஆத்துக்கு. ஓட்டம் நிண்டால் மடுவில கிடக்கிற மீனெல்லாம் செத்துப்போகும்."

வாடகை, அவர் கையால் தைத்த ஒரு சேட்டு. நானும் பாதி ஊரும் சம்மதித்தோம்.

வயல் செய்கிற கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் தலைவர் குதித்தார். "ஆறு எங்கட அமைப்பில அங்கத்தவரோ?"

"படிவத்தைத் தாங்கோ" என்று வாங்கி, அக்கா அங்கேயே நிரப்பினார். பெயர்: ஆறு. தொழில்: ஓடுறது. திருமணமானவரா: ஓம், கடலோடு. தலைவர் சிரிப்பை அடக்க முடியாமல் கையெழுத்து வைத்துவிட்டார்.

சேட்டுகள் வந்தன. எல்லாம் ஒரே துணி. மஞ்சளில் பென்னாம்பெரிய சிவப்புப் பூ. ஊருக்கு வந்த அதிகாரி ஒருவர், "இண்டைக்கு ஆருக்குக் கலியாணம்?" என்று கேட்டார்.

இதற்கிடையில் என் உழுந்து வாடத் தொடங்கியது. மனம் கேட்கவில்லை. அக்கா சாப்பிடப் போகிற நேரம் பார்த்து, ஆற்றுக்கு விட்ட பங்கை என் வயலுக்குத் திருப்ப வரம்பில் வாய் வெட்டினேன். புத்தி கெட்டவன், அந்தச் சேட்டோடேயே போயிருக்கிறேன்.

"தம்பீ! மண்வெட்டியைக் கீழ வையுங்கோ!"

"பூச்சேட்டுக்காரர் கனபேர் அக்கா. தூரத்தில நிண்டு நான்தானெண்டு எப்பிடிக் கண்டனீங்கள்?"

"இடது தோள் இறக்கம் உங்களுக்கு மட்டும்தான். அளந்தனான்."

ஏசுவார் என்று நின்றேன். ஏசவில்லை. கையைப் பிடித்து மடுவுக்குக் கூட்டிப் போனார். கணுக்கால் அளவு தண்ணீரில் மீன் குஞ்சுகள் வாயைத் திறந்து திறந்து மூடின.

"நீங்கள் மறிச்சால் நாளைக்கு இதுகள் இல்லை" என்றார்.

திரும்பிப் போய் என் வயல் வாயை அடைத்தேன். உழுந்தில் பாதி போய்விட்டது. வயிறெரிந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ஐப்பசியில் மழை கொட்டியது. ஊரே வயலுக்கு ஓட, அக்கா மட்டும் மடுவுக்கு ஓடினார். தெப்பமாக நனைந்தபடி மீன்களைப் பார்த்துக் கத்தினார்: "இனி நீங்களாச்சு, உங்கட ஆறாச்சு! எனக்குத் தைக்கிற வேலை கிடக்குது!"

சொன்னாரே தவிர, அசையவில்லை. நானும் போய்ப் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றேன். அந்த மனுசியைத் தனியே விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை.